தீராத நோயும் ஒரு சீட்டுக்கட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு முடக்குவாதம் இருப்பது தெரிந்து 11 வருடம் ஆகிறது. டாக்டர்கள் ரூமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதுவார்களே, அதுதான். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குவதால் வரும் நோய். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரமாவது விரல்கள் விறைத்துக் கிடக்கும். சனிக்கிழமை இரவு வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் குமட்டலும் அசதியுமாகப் போய்விடும்.

இந்த வாழ்க்கைக்குள் ஏழு வருடம் முன்பு ஒரு சீட்டுக்கட்டு வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரிக் காத்திருப்பில் மடியில் தட்டு வைத்து நான் ஆடுவதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். மதினி கேட்டார்கள். இதே மாதிரி நோயோடு இருக்கும் தோழிகள் போனில் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

தனியாக உட்கார்ந்து சீட்டு ஆடுவதில் அப்படி என்ன இருக்கிறது?

நோய் வந்த பிறகு எனக்கு வலியைவிடப் பாரமாக இருந்தது வாக்குக் கொடுப்பது. "வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறேன்" என்று சொல்லியிருப்பேன். வெள்ளிக்கிழமை காலையில் மணிக்கட்டு வீங்கியிருக்கும். போன் செய்து வரவில்லை என்று சொல்ல வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் "பரவாயில்லை" என்பார். அந்தப் பரவாயில்லையை வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் யாரிடமும் எதற்கும் சரி என்று சொல்லவே பயம் வந்துவிடும். கேரம், தாயம், நாலு பேர் சேர்ந்து ஆடும் ரம்மி எல்லாம் எனக்கு அப்படித்தான் விட்டுப்போயின.

தனியாக ஆடும் சீட்டுக்கு நான் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. நாலாவது சீட்டில் நிறுத்தலாம். படுத்துத் தூங்கிவிட்டு வந்து தொடரலாம். பதினைந்து நாள் தொடாமல் இருந்தாலும் அது கோபித்துக்கொள்ளாது. மருந்து நேரம், ரத்தப் பரிசோதனைத் தேதி, டாக்டர் வரச்சொன்ன நாள் என்று எல்லாவற்றையும் வேறு யாரோ தீர்மானிக்கிற ஒரு வாழ்க்கையில், எப்போது தொடங்குவது எப்போது நிறுத்துவது என்று நானே முடிவு செய்யும் காரியம் இது ஒன்று.

நமக்கு இது புதிதும் இல்லை. பல்லாங்குழியில் சீதைப் பாண்டி என்று ஒருவரே ஆடும் ஆட்டம் உண்டு. அசோகவனத்தில் சீதை தனியே இருந்தபோது ஆடியது என்று சொல்வார்கள்.

சீட்டு என்றாலே சூது என்கிறார்கள். வீட்டில் எப்படிச் சொல்வது?

என் மாமியாரும் முதலில் முகம் சுளித்தார்கள். சீட்டாட்டத்தில் நகையும் நிலமும் போன குடும்பங்களை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள், அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்து ஓர் ஆட்டத்தை ஆடிக்காட்டினேன். எதிராளி இல்லை, பந்தயம் இல்லை, பணம் இல்லை. முடிந்ததும் "இது கோலம் போடுற மாதிரில்ல இருக்கு" என்றார்கள். அதற்கு மேல் பேச்சில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது காசு வைக்காமல் ஆடும் சீட்டைப் பற்றி. வீட்டிலேயே அடைந்து கிடக்கும் நோயாளிகளைப் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி எளிதாக இழுத்துவிடும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டமே கொண்டுவந்தது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

எனக்கு எந்த ஆட்டமும் தெரியாது. முதலில் எதை ஆடலாம்?

எல்லோரும் கம்ப்யூட்டரில் பார்த்த சாலிடேரில் தொடங்குவார்கள். க்ளாண்டைக் என்பது அதன் பெயர். ஏழு வரிசையில் 28 சீட்டைப் பரப்ப வேண்டும், மீதி 24 கையில் இருக்கும். நல்ல ஆட்டம்தான், ஆனால் இடம் நிறைய வேண்டும், சீட்டுக் கொத்தைத் தூக்கித் தூக்கி மாற்ற வேண்டும். விரல் வலி உள்ளவர்களுக்கு அதை முதல் ஆட்டமாக நான் சொல்வதில்லை.

நான் சொல்வது "ஏசஸ் அப்". தமிழில் ஆஸ் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஆஸ் என்பது A என்று போட்டிருக்கும் சீட்டு). 52 சீட்டையும் கலைத்துக் கவிழ்த்து வையுங்கள். நாலு சீட்டை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் மல்லாத்தி வையுங்கள். அதில் ஒரே இனத்தில் இரண்டு சீட்டு இருந்தால் (இரண்டு ஆட்டின், அதாவது ஹார்ட், இரண்டு இஸ்பேட் என்று) சின்னதை எடுத்து ஒதுக்கிவிடலாம். ஆஸ்தான் எல்லாவற்றிலும் பெரியது. ஒதுக்க இனி எதுவும் இல்லை என்றால் மறுபடி நாலு சீட்டை, வரிசைக்கு ஒன்றாக மேலே போடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் மேலே தெரியும் சீட்டு மட்டும்தான் கணக்கு. ஒரு வரிசை காலியானால் வேறு வரிசையின் மேல்சீட்டு ஒன்றை அங்கே மாற்றலாம். ஆட்டத்தில் யோசிக்க வேண்டிய ஒரே இடம் அதுதான். கடைசியில் நாலு ஆஸ் மட்டும் மிஞ்சினால் ஜெயம்.

ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடம் போதும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எத்தனை முறை ஆடினாலும் ஜெயிப்பது அபூர்வம், ஆனால் "எந்தச் சீட்டைக் காலி இடத்துக்கு மாற்றியிருக்கலாம்" என்ற யோசனை அடுத்த ஆட்டத்துக்கு இழுக்கும்.

தலையே வேலை செய்யாத நாளில் என்ன ஆடுவது?

நோயும் மருந்தும் தூக்கமின்மையும் சேர்ந்து மூளையில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும் நாட்கள் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை கிடைக்காது. அன்றைக்கு யோசிக்கவே தேவையில்லாத ஆட்டம் வேண்டும்.

கடிகார ஆட்டம் அதற்கென்றே செய்தது. சீட்டை நாலு நாலாகக் கவிழ்த்து 13 குவியல் போடுங்கள். பன்னிரண்டு குவியல் கடிகார எண்கள் இருக்கும் இடத்தில் வட்டமாக, பதின்மூன்றாவது நடுவில். நடுக்குவியலின் மேல்சீட்டைத் திருப்புங்கள். அது 5 என்றால் ஐந்து மணி இடத்தில் இருக்கும் குவியலுக்கு அடியில் மல்லாத்திச் செருகிவிட்டு, அந்தக் குவியலின் மேல்சீட்டை எடுங்கள். அது காட்டும் இடத்துக்குப் போங்கள். ஆஸ் 1, ஜாக்கி 11, ராணி 12, ராஜா வந்தால் நடுவுக்கு. நாலாவது ராஜா வந்தவுடன் ஆட்டம் முடிந்தது. அதற்குள் எல்லாச் சீட்டும் திரும்பியிருந்தால் ஜெயம்.

நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுகூடக் கிடையாது. ஜெயிக்க வேண்டுமானால் கடைசியாகத் திரும்பும் சீட்டு ராஜாவாக இருக்க வேண்டும், அதற்கான வாய்ப்பு சரியாக 13-ல் 1. "அப்படியென்றால் ஆடுவது எதற்கு?" என்று என் மகள் கேட்டாள். கை அசைகிறது, கண் ஒரு வட்டத்தைச் சுற்றி வருகிறது, அடுத்து என்ன என்று ஒரு சின்ன ஆவல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு எனக்கு அது தாராளம்.

கொஞ்சம் தெம்பு உள்ள நாளில்?

ஸ்கவுண்ட்ரல். நான் எல்லோரிடமும் சிபாரிசு செய்யும் ஆட்டம். ஸாக் கேஜ், கர்ட் பீக் என்ற இரண்டு பேர் 2011-ல் உருவாக்கியது. சாதாரணச் சீட்டுக்கட்டே போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

ஜோக்கர்களையும், சிவப்பில் உள்ள ராஜா, ராணி, ஜாக்கி, ஆஸ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். 44 சீட்டு மிஞ்சும். உங்கள் உயிர் 20. ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கறுப்புச் சீட்டு 26-ம் அரக்கர்கள். எண் எவ்வளவோ அவ்வளவு பலம். ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13, ஆஸ் 14. டைமன் எல்லாம் ஆயுதம். ஆட்டின் எல்லாம் மருந்து.

நாலு சீட்டை மல்லாத்தி வைத்தால் அது ஓர் அறை. அதில் மூன்றை நீங்கள் சந்தித்தாக வேண்டும், எந்த வரிசையில் என்பது உங்கள் இஷ்டம். நாலாவது சீட்டு அப்படியே இருக்கும், அதோடு இன்னும் மூன்று சேர்ந்தால் அடுத்த அறை. ஆயுதம் எடுத்தால் பழைய ஆயுதம் போய்விடும். மருந்து எடுத்தால் அந்த அளவு உயிர் ஏறும், ஆனால் 20-ஐத் தாண்டாது. ஒரே அறையில் இரண்டாவது மருந்து எடுத்தால் பலிக்காது. அரக்கனை வெறும் கையால் அடித்தால் அவன் எண் முழுவதும் உங்கள் உயிரில் கழியும். ஆயுதத்தால் அடித்தால் மிச்சம் மட்டும் கழியும். 7 எண் ஆயுதத்தால் 10-ஐ அடித்தால் 3 போகும். இங்கேதான் சூட்சுமம்: ஓர் அரக்கனை அடித்த ஆயுதத்தை, அதற்குப் பிறகு அவனைவிடச் சின்னவன் மேல் மட்டும்தான் பயன்படுத்தலாம். அவசரப்பட்டு ஒரு 3-ஐ அடித்துவிட்டால், நல்ல ஆயுதம் கையில் இருந்தும் உபயோகமில்லை.

ஓர் அறை மோசமாகத் தெரிந்தால் நாலு சீட்டையும் அப்படியே கட்டின் அடிக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அடுத்தடுத்து இரண்டு அறையைத் தவிர்க்க முடியாது.

இந்த விதிகளை முதல்முறை படித்தபோது என் வாரத்தைப் பார்த்து யாரோ எழுதியது போல இருந்தது. நாலு வேலையில் மூன்றைச் செய், ஒன்றை அடுத்த அறைக்கு விடு. ஒருநாள் தள்ளிப்போடலாம், அடுத்தநாளும் தள்ளிப்போட முடியாது. மருந்து உண்டு, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு போட்டால் பலனில்லை. பத்து நிமிடத்து ஆட்டம்தான். 44 சீட்டும் தீரும்வரை உயிர் மிஞ்சியிருந்தால் ஜெயித்தீர்கள். எனக்கு முதல் ஜெயம் மூன்று வாரம் கழித்து வந்தது, அன்றைக்கு மதினிக்குப் போன் செய்து சொன்னேன்.

விரல் மடங்கவில்லை. சீட்டைக் கலைக்கவே முடியாதே?

இந்தக் கேள்விக்காகவேதான் நான் எழுத உட்கார்ந்தேன். ஆட்டம் பிடித்திருந்தும் கலைக்க முடியாததால் விட்டுவிட்டவர்கள் அதிகம்.

இரண்டு கட்டாகப் பிரித்துச் சர்ரென்று கோத்துக் கலைப்பது கட்டைவிரல் மூட்டுக்கு ஆகவே ஆகாது. அதை மறந்துவிடுங்கள். சீட்டு முழுவதையும் ஒரு துணிமேல் கவிழ்த்துக் கொட்டி, இரண்டு உள்ளங்கையாலும் மாவு பிசைவது போலச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். ஒரு நிமிடம் செய்தால் போதும். பெர்சி டயாகோனிஸ் என்ற கணிதப் பேராசிரியர் சீட்டுக் கலைப்பதையே ஆராய்ந்தவர். கோத்துக் கலைப்பது என்றால் ஏழு முறை தேவை என்று 1992-ல் டேவ் பேயரோடு சேர்ந்து நிரூபித்தார். இப்படித் தேய்த்துக் கலைப்பதையும் அவர் ஆராய்ந்திருக்கிறார், நன்றாகவே கலைகிறது. குழந்தைத்தனமான முறை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிறகு சீட்டை ஒன்றுசேர்க்க, ஒரு சின்னப் பெட்டி அல்லது டிபன் பாக்ஸ் மூடிக்குள் தள்ளித் தட்டினால் தானாக அடுக்காகிவிடும். பேட்டரியில் ஓடும் கலைக்கும் மெஷினும் விற்கிறது. எனக்கு அதன் சத்தம் ஒத்துவரவில்லை.

அடுத்த கஷ்டம், மேசையில் ஒட்டிக்கிடக்கும் சீட்டை நகத்தால் நெம்பி எடுப்பது. வழவழப்பான மேசையில் ஆடவே ஆடாதீர்கள். தடித்த பூத்துவாலையை நாலாக மடித்து விரித்தால், சீட்டின் ஓரத்தை அழுத்தினாலே மறுபக்கம் எழும்பும். துவாலை இல்லாதபோது சீட்டை மேசை விளிம்புவரை நகர்த்தி, வெளியே நீட்டும் பகுதியைப் பிடிக்கலாம். வங்கியில் நோட்டு எண்ணுபவர்கள் மாட்டும் ரப்பர் விரலுறை ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும், அதுவும் உதவும்.

கையில் சீட்டை விசிறியாகப் பிடித்திருப்பது இன்னொரு தொல்லை. கிள்ளிப் பிடித்தபடியே இருந்தால் பத்து நிமிடத்தில் கட்டைவிரல் அடிமூட்டு எரியும். தச்சரிடம் சொல்லி ஒரு மரக்கட்டையில் நீளமாக ஒரு பள்ளம் அறுத்து வாங்கினேன், சீட்டு அதில் நிற்கும். அதற்கு முன்பு துணி துவைக்கும் பிரஷ் புதிதாக ஒன்று வாங்கிக் கவிழ்த்து, நார்களுக்கு நடுவே சீட்டைச் செருகி வைத்திருந்தேன். அதுவும் நன்றாகவே வேலை செய்தது.

சீட்டு வாங்கும்போது முழு பிளாஸ்டிக் சீட்டாகப் பாருங்கள். காகிதச் சீட்டு நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், ஆனால் வியர்வையில் சீக்கிரம் பிசுபிசுக்கும், பிரிப்பது கஷ்டம். பிளாஸ்டிக் சீட்டைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக்கொள்ளலாம். என்னைப் போல எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன கட்டைத் துடைத்து வைக்க முடிவது பெரிய நிம்மதி. விரல் கோணத் தொடங்கியிருந்தால், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளை எளிதாகச் செய்யப் பழக்குபவர்) ஒருவரிடம் சீட்டுக்கட்டையும் எடுத்துப்போய் நீங்கள் ஆடும் விதத்தைக் காட்டுங்கள். எந்தப் பிடி மூட்டைக் கெடுக்கும் என்று பார்த்துச் சொல்வார்கள்.

எழுந்து உட்காரவே முடியாத நாளில்?

வீட்டில் தாம்பாளம் இருக்கும். அதில் துவாலையை விரித்து வயிற்றின் மேலோ பக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். தாம்பாளத்துக்கு விளிம்பு இருப்பதால் சீட்டு சரியாது. கழுத்தைக் குனிந்தே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, தலையணை வைத்துத் தட்டை உயர்த்திக்கொள்ளுங்கள்.

மேசையே தேவைப்படாத ஆட்டமும் இருக்கிறது. பாம் ஐலண்ட் என்று 2018-ல் வந்தது. 17 சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, திருப்பியும் சுழற்றியும் ஒரு தீவுக் கிராமத்தைக் கட்டுவது. சீட்டுக்கட்டு 8 முறை சுற்றி வந்தால் ஆட்டம் முடியும். கை நன்றாக இருந்து, வேறு காரணத்தால் படுத்திருப்பவர்களுக்கு அருமையானது. எனக்கு மட்டும் கை வலிக்காத நாளில்தான் முடியும்.

டயாலிசிஸ் நேரத்தில் ஆட முடியுமா?

என் பெரியப்பா ஆடினார். ஒருமுறை போனால் பெரும்பாலும் 4 மணி நேரம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) உள்ள கையை அசைக்கக் கூடாது, மற்றக் கைதான் இருக்கிறது. ஆகவே கையில் சீட்டுப் பிடிக்கும் ஆட்டம் எதுவும் வேண்டாம்.

அவருக்குச் சொல்லிக்கொடுத்தது கோல்ஃப். ஏழு வரிசை, வரிசைக்கு ஐந்து சீட்டு, எல்லாம் மல்லாத்தி. மீதி 17-ல் ஒன்றைத் திறந்து வையுங்கள், 16 கவிழ்ந்திருக்கும். திறந்த சீட்டைவிட ஒன்று கூடவோ ஒன்று குறைவாகவோ உள்ள சீட்டு வரிசைகளின் நுனியில் இருந்தால் எடுத்து அதன்மேல் போடலாம். இனம், நிறம் பார்க்க வேண்டாம். 8-ன் மேல் 9, அதன்மேல் 10, மறுபடி 9 என்று ஓடும். ஓடாதபோது கட்டிலிருந்து புதிதாக ஒன்று. கறாரான விதிப்படி ராஜாவின் மேல் எதையும் வைக்க முடியாது. பெரியப்பா ஆஸ் வைக்கலாம் என்று மாற்றிக்கொண்டார், நானும் இப்போது அப்படித்தான் ஆடுகிறேன். எல்லாமே ஒரு சீட்டை எடுத்து ஓர் இடத்தில் போடுவதுதான் என்பதால் ஒரு கை போதும். வீட்டிலேயே கலைத்து, ரப்பர் பேண்ட் போட்டு இரண்டு கட்டு எடுத்துப்போவார்.

இயந்திரம் ஓடும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றினால் சீட்டை அப்படியே விட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். ஆட்டத்தை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.

சர்க்கரையால் கண் மங்கல், விரல் நுனியில் உணர்ச்சியும் குறைவு. எனக்குச் சரிவருமா?

வரும். எண்ணைப் பெரிதாக அச்சிட்ட சீட்டுக்கட்டு விற்கிறது. ஆட்டினும் டைமனும் குழம்பினால், டைமன் சீட்டுகளின் மூலையில் நீல மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோல்ஃபும் கடிகாரமும் எண்ணை மட்டும் பார்க்கும் ஆட்டங்கள், அவற்றில் தொடங்கலாம். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும், மேலிருந்து வந்தால் பிளாஸ்டிக் சீட்டு கண்ணைக் கூசும்.

போனிலேயே ஆடலாமே?

தாராளமாக. விரல் ரொம்ப வீங்கியிருக்கும் நாளில் நானும் போன்தான். சாலிடேர் விண்டோஸ் 3.0-வோடு 1990-ல் வந்தபோது மவுஸைப் பிடித்து இழுத்துப் பழகுவதற்கும் அது உதவியது. ஆக, கைப்பழக்கத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் பழைய உறவு உண்டு.

ஆனால் போனில் ஆடினால் எனக்கு எண்ணிக்கை தெரிவதில்லை. ஒன்று முடிந்தவுடன் அடுத்தது தானாக வந்து நிற்கும், நடுவே விளம்பரம், மருந்துக்கு வைத்த அலாரம், யாரோ அனுப்பிய செய்தி. நிஜச் சீட்டில் ஓர் ஆட்டம் முடிந்தால் கலைக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ள முடிகிறது. இரவில் தூக்கம் வராத நேரத்துக்கும் திரை வெளிச்சத்தைவிடச் சீட்டு நல்லது.

தோற்றுக்கொண்டே இருக்கிறேன். என்ன தப்புச் செய்கிறேன்?

பெரும்பாலும் ஒரு தப்பும் இல்லை. எல்லாச் சீட்டும் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்கூட, க்ளாண்டைக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 ஆட்டம்தான் ஜெயிக்கக்கூடியவை. தெரியாமல் ஆடும் நமக்கு இன்னும் குறைவு. எதிர்ப்பக்கத்தில் ஃப்ரீசெல் இருக்கிறது. எல்லாச் சீட்டும் தெரியும்படி ஆடுவது. விண்டோஸில் முதலில் வந்த 32,000 ஆட்டங்களில் 11982 என்ற எண்ணுள்ள ஒன்றே ஒன்றைத்தான் யாராலும் முடிக்க முடியவில்லை. நிச்சயமாக வழி உண்டு என்ற நம்பிக்கை தேவைப்படும் நாளில் ஃப்ரீசெல் ஆடுங்கள்.

இதைச் சொல்லும்போது எனக்குப் பிடித்த ஒரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டானிஸ்லாவ் உலாம் என்று ஒரு கணித மேதை, போலந்திலிருந்து அமெரிக்கா போனவர். 1946-ல் மூளை அழற்சியில் விழுந்து, அறுவை சிகிச்சை முடிந்து, தேறிக்கொண்டிருந்த நாட்களில் கேன்ஃபீல்ட் என்ற தனியாள் சீட்டாட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். இது ஜெயிக்க என்ன வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார், சிக்கலாகப் போனது. கணக்குப் போடுவதற்குப் பதில் நூறு முறை ஆடி எத்தனை முறை ஜெயிக்கிறது என்று எண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. அந்த யோசனையை இன்னொரு கணித மேதையான ஜான் வான் நாய்மனிடம் சொல்ல, அது மான்டி கார்லோ முறை என்று வளர்ந்தது. இன்றைக்கு அணு இயற்பியலிலிருந்து பங்குச் சந்தை வரை பயன்படுகிறது. பெயர்கூட, சூதாட மான்டி கார்லோ போக வேண்டும் என்று கடன் கேட்கும் உலாமின் மாமாவை நினைத்து வைத்ததாம். நோயாளியின் படுக்கையில் கிடந்த ஒரு சீட்டுக்கட்டு அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

தனியாள் ஆட்டம் என்றே கடையில் விற்பவை வாங்கலாமா?

சாதாரணக் கட்டில் இரண்டு மூன்று ஆட்டம் கைவந்த பிறகு வாங்குங்கள். பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம்.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் ஃபிரைடே. ஃபிரீடமான் ஃபிரீஸ் 2011-ல் செய்தது. தீவில் மாட்டிக்கொண்ட, நாவலில் வரும் ராபின்சன் குரூசோவுக்கு நீங்கள் உதவுகிறீர்கள். தொடக்கத்தில் அவர் கட்டு முழுக்க உதவாக்கரைச் சீட்டு. ஒரு சவாலில் தோற்றால் உயிர் குறையும், ஆனால் அந்தத் தோல்வியைக் கொண்டே வேண்டாத சீட்டுகளைக் கட்டிலிருந்து நிரந்தரமாக நீக்கிவிடலாம். எப்போது தோற்பது என்று தெரிந்து தோற்பவர்தான் கடைசியில் தேறுவார். ஒவ்வொரு முறை கட்டு தீர்ந்து மறுபடி கலைக்கும்போதும் முதுமைச் சீட்டு ஒன்று உள்ளே வந்து சேரும். அதைத் தடுக்க முடியாது, அதோடு சேர்த்துத்தான் ஆட வேண்டும். கஷ்டமான ஆட்டம், தெளிவான நாளுக்கு மட்டும்.

ஷாடி டோர்பேயின் ஆனிரிம் கொஞ்சம் இலகுவானது. கனவுக்குள் எட்டுக் கதவுகளைத் தேடுவது. படங்கள் அழகு. அடிக்கடி கலைக்க வேண்டியிருப்பது மட்டும் என் கைக்குக் குறை.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆடலாம்?

லூபஸ் நோயுள்ள கிறிஸ்டின் மிசரண்டினோ என்ற அமெரிக்கப் பெண், தன் ஒரு நாளைத் தோழிக்கு விளக்கக் கையில் கொஞ்சம் ஸ்பூன்களைக் கொடுத்தார். குளிக்க ஒரு ஸ்பூன், சமைக்க ஒரு ஸ்பூன், தீர்ந்தால் அன்றைய நாள் தீர்ந்தது. 2003-ல் அவர் எழுதிய அந்தக் கட்டுரை உலகம் முழுவதும் பரவிவிட்டது. சீட்டாட்டமும் ஸ்பூன் கேட்கும், உட்கார்ந்திருப்பதுதானே என்று நினைக்காதீர்கள். நான் 20 நிமிடத்துக்கு அலாரம் வைப்பேன். அடித்தால் ஆட்டம் எங்கே இருந்தாலும் கையை நீட்டி மடக்கி, எழுந்து நடப்பேன். தொடர வேண்டுமானால் போனில் ஒரு படம் எடுத்துவிட்டுத் தாம்பாளத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். பூனை உள்ள வீட்டில் படம் எடுக்காமல் தள்ளாதீர்கள்.

இதனால் நோய் குறையுமா?

குறையாது. வீக்கமும் ரத்தப் பரிசோதனை அளவுகளும் மருந்தால் மாறுபவை, அதை விட்டுவிடாதீர்கள். சீட்டு ஆடும் 20 நிமிடம் நான் வலியைப் பற்றி நினைப்பதில்லை. அவ்வளவு எனக்குத் தெரியும்.

"சீட்டு ஆடுற அளவுக்கு நல்லாத்தானே இருக்கே" என்கிறார்களே?

இது வலிக்கிற கேள்வி. ஒரு கல்யாண வீட்டுக்குப் போக முடியாமல் இருந்த அன்று, வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் என் தட்டைப் பார்த்து அதைத்தான் சொன்னார். பதில் சொல்லாமல் அழுதேன். இப்போது சொல்கிறேன்: கல்யாணத்துக்கு நாலு மணி நேரம் புடவையோடு உட்கார வேண்டும், இதை நான் படுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் நிறுத்தலாம். நம்புகிறவர்கள் நம்புவார்கள். முடியாததையெல்லாம் நிரூபிக்க, முடிகிற ஒன்றையும் விட வேண்டும் என்று யாரும் உங்களைக் கேட்க முடியாது.

கூட இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ஆடும்போது பின்னால் நின்று "அந்த எட்டை எடு" என்று சொல்லாமல் இருக்கலாம். அதுவே பெரிய உதவி.

இன்னொன்று உண்டு. என் கணவர் இரவு படுக்கப் போகும் முன் சீட்டைக் கலைத்து, துவாலை விரித்த தட்டில் வைத்து, என் பக்கம் கை எட்டும் இடத்தில் வைத்துவிடுவார். அவருக்கு ஓர் ஆட்டமும் தெரியாது. காலையில் விறைத்த விரலோடு எழும்போது கட்டு தயாராக இருக்கும். வெந்நீரில் கை நனைத்துவிட்டு வந்து முதல் நாலு சீட்டைத் திறப்பேன்.